ஒயர்தான் லூசாக இருந்தது

"அப்பா, பெரியப்பா வூட்டுல தேரு சல்லுனு ஓடுது. நம்ம வூட்டுல மட்டும் ஏம்ப்பா நின்னு நின்னு வருது?"

சிவரஞ்சனி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. வாயில் பாதி முறுக்கு இருந்தது. கேட்டுவிட்டு மீதி முறுக்கோடு விளையாடப் போய்விட்டாள். கேள்வி மட்டும் போகவில்லை. அறிவுச்செல்வனின் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

டிவியில் தேர் நின்றிருந்தது. மாமனார் ஊரான செந்துறைப் பக்கத்துத் திருவிழாவில் எடுத்த படம். வடம் பிடித்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"தேருன்னா நின்னு நின்னுதான்டி வரும்" என்று அடுப்படியிலிருந்து ஹேமலதா குரல் கொடுத்தாள். புருஷனுக்குப் பரிந்து பேசியதாக அவள் நினைப்பு. அது அவனுக்கு இன்னும் சுருக்கென்றது.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் அவனுக்கு வேலை. கல்லூரியில் கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் போட்டு, மாடி அறையில் ஒரு சர்வராக நிறுத்தியிருந்தான். மாமனார் வகையறாவின் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று இருபது வருஷப் படங்கள் அதில்தான் இருந்தன. யாருக்கு எந்தப் போட்டோ வேண்டுமென்றாலும், "அறிவு மாப்ளைய கேளு, அவரு பொட்டியில இருக்கும்" என்பார்கள். காலமாகிவிட்ட மாமியார் வேணியம்மா பொங்கல் பானைக்கு முன்னால் நின்று, "பொங்குது பாருங்கடி" என்று கூவும் மூன்று நிமிஷப் படமும் அதில்தான் இருந்தது. மாமனார் பாலசுந்தரம் வரும்போதெல்லாம் அதைப் போடச் சொல்லிப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களாலதான் மாப்ள இவ இன்னும் இந்த வூட்டுல இருக்கா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் ஒரு மாதம் சாப்பிடாமல்கூட இருப்பான்.

அப்படி இருந்தவனுக்குச் சித்திரையில் வந்தது வினை. ஹேமலதாவின் அக்கா நர்மதாவின் கணவன், சிவரஞ்சனி சொன்ன பெரியப்பா இளவரசன், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அவன் புத்தம்புதிதாக ஒரு சர்வர் வாங்கிவிட்டான். கறுப்பாக, கையடக்கமாக, நாலு டிஸ்க் வரிசையாகச் செருகும் பெட்டி. முன்னால் நாலு பச்சை விளக்கு. மாமனாரே போன் செய்து சொன்னார்: "மூத்த மாப்ள பொட்டி சத்தமே போடல மாப்ள. உங்களுது மாதிரி 'கொர்ரு'ங்கல."

கொர்ரு. அன்றைக்கு முழுக்க அந்தச் சொல் அவன் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

இதற்குமேல் இளவரசன் செய்த ஒரு காரியம்தான் பொறுக்கவில்லை. படங்களையெல்லாம் தன் பெட்டிக்குக் காப்பி எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், "சகல, எங்க பொட்டியில சேருறது எல்லாம் தினம் ஒரு காப்பி உங்க பொட்டிக்கும் வர்ற மாதிரி வச்சிருக்கேன். ரெண்டு ஊரும் ஒரே நாள்ல முழுவாதுல்ல" என்று சிரித்தான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பொறாமைக்காரன் காதில் நல்ல வார்த்தை வேறு மாதிரிதான் விழும். நேற்றுவரை நான் கோயில், இன்று அவன் கோயிலுக்கு நான் வாகன மண்டபமா என்று அறிவுச்செல்வன் குமைந்தான்.

போதாக்குறைக்கு, தை மாதம் மாமனாருக்கு எண்பது நிறைகிறது. அன்றைக்கு மண்டபத்தில் திரை கட்டிக் குடும்பப் படங்களைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பேச்சு. அதை யார் பொறுப்பில் விடுவது என்ற கேள்வியே எழவில்லை. எல்லாரும் இளவரசன் முகத்தைப் பார்த்தார்கள்.

அதற்குள் மகளின் கேள்வி வேறு. அறிவுச்செல்வன் முடிவு செய்தான். ஆயுத பூஜைக்குள் தன் பெட்டியை இளவரசன் பெட்டியைவிடப் பெரிதாக ஆக்கிக் காட்டுவது.

லேபில் உட்கார்ந்து மூன்று நாள் இணையத்தில் தேடி ஒரு லிஸ்ட் எழுதினான். சட்டைப் பையில் லிஸ்ட்டும், பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் அந்தப் பழைய பெட்டியுமாகப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அய்யம்பெருமாள் கடைக்குப் போனான். அன்று வெள்ளிக்கிழமை. திங்களும் வெள்ளியும்தான் சிறுவாச்சூர்க் காளி நடை திறப்பாள் என்பதால், அந்த இரண்டு நாளும் அய்யம்பெருமாள் அங்கே போய்விட்டு வந்துதான் ஷட்டரைத் தூக்குவார். நெற்றிக் குங்குமம் ஈரம் காயாமல் இருந்தது.

"வாங்க சார். என்ன, நோயாளிய தூக்கிக்கிட்டே வந்துட்டீங்க?"

"அப்கிரேடு பண்ணணும்ணே. லிஸ்ட் இருக்கு."

அய்யம்பெருமாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "புது ப்ராசசர், முப்பத்தி ரெண்டு ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு, ஆறு டிஸ்க் போடுற கேபினெட்டு, கண்ணாடிக் கதவு, கலர் லைட்டு ஃபேன் மூணு..." தாளைத் திருப்பினார். பின்பக்கமும் இருந்தது. "சார், இது சர்வருக்கா, கல்யாண மண்டபத்துக்கா?"

"விளையாடாதீங்கண்ணே."

"யாரு வூட்டுல புதுசு வாங்கியிருக்காங்க? சகலயா?"

அறிவுச்செல்வன் திடுக்கிட்டான். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"தேவைக்கு எழுதுற லிஸ்ட்டு நாலு வரி இருக்கும் சார். அடுத்த வூட்ட பாத்து எழுதுறதுதான் பின்பக்கம் போவும்." அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "உங்க கஷ்டம் என்ன, அத சொல்லுங்க."

"படம் நின்னு நின்னு வருது."

"பொட்டி எங்க இருக்கு, டிவி எங்க இருக்கு?"

"பொட்டி மாடியில. டிவி கீழ ஹால்ல. வைஃபைதான்."

"நடுவுல காங்கிரீட்டு தளம். அப்புறம் ஒரு செவுரு. இல்லியா? இருபது மீட்டர் லேன் கேபிள் இழுத்து விடுங்க, தேரு மாதிரி ஓடும். காலுல முள்ளு குத்தியிருக்கு, நீங்க தலைக்குக் கிரீடம் வாங்க வந்திருக்கீங்க."

தேர் என்ற சொல்லைக் கேட்டதும் அறிவுச்செல்வனுக்கு முகம் சுண்டியது. இருபது மீட்டர் ஒயரை யாருக்குக் காட்டிப் பெருமைப்படுவது? அது சுவரோரமாக ஓடி ஒளிந்துகொள்ளும். பச்சை விளக்குகூட எரியாது.

"கிராபிக்ஸ் கார்டு?"

"நீங்க வச்சிருக்கிறது படத்த பத்திரப்படுத்துற பொட்டி. அதுக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்குறது, நெல்லு மூட்டைக்குப் பட்டுச் சட்ட தைக்கிற மாதிரி. ராமு இருக்கிறது போதும். பிராசசரும் இந்த வேலைக்குத் தாங்கும்." பேசிக்கொண்டே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினார். "எல்லாம் ஒரே டிஸ்க்குலயா வச்சிருக்கீங்க? இது படுத்துடுச்சுன்னா?"

"படுக்காதுண்ணே. ஏழு வருஷமா ஓடுது. உங்க கடையில வாங்குனதுதான். இடம்தான் பத்தல. அதுகூட, சகல பொட்டியோட காப்பி ஒண்ணு உக்காந்திருக்கு, அத அழிச்சுட்டா தாராளமா ஆயிடும்."

அய்யம்பெருமாள் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். அப்புறம் டிஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது என் டிஸ்க் இல்ல சார்."

"நீங்கதான் கையால எடுத்துக் குடுத்தீங்க."

"நான் குடுக்கிற டிஸ்க்குல எல்லாம் காளியாத்தா ஸ்டிக்கர் ஒட்டாம குடுக்க மாட்டேன். இதுல இல்ல. இங்க பாருங்க, லேபிள்ல தேதி. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, ஆகஸ்ட். நீங்க வாங்குன வருஷத்துல இது பொறக்கவே இல்லியே."

அறிவுச்செல்வன் லேபிளையே பார்த்தபடி நின்றான். இருபத்தொன்று. அந்தக் கார்த்திகையில்தான் சிவரஞ்சனிக்கு டெங்கு வந்தது. மூன்று வயதுக் குழந்தையோடு திருச்சி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார்கள். போவதற்கு முதல் நாள் இடி விழுந்து பெட்டி உயிரற்றுக் கிடந்தது. இளவரசன்தான் வந்து சாவி வாங்கிக்கொண்டு, "நீங்க புள்ளைய பாருங்க சகல, பொட்டிய நான் பாத்துக்குறேன்" என்று தூக்கிப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பெட்டி பழைய இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன ஆச்சு சகல?" என்று கேட்டதற்கு அவன் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "ஒண்ணும் இல்ல. ஒயர்தான் லூசா இருந்துச்சு."

அன்றைக்கு அவன் லிஸ்ட்டில் இருந்த எதையும் வாங்கவில்லை. இருபது மீட்டர் கேபிளும், பழையதன் அளவுக்கு இரண்டு மடங்கு கொள்ளும் ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கினான். அய்யம்பெருமாள் அதன் முதுகில் காளி ஸ்டிக்கரை ஒட்டி, கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். "எதையும் அழிக்காதீங்க சார். எல்லாத்துக்கும் இதுல ஒரு காப்பி போட்டு, தனியா எடுத்து பீரோவுல வச்சிடுங்க. வாரம் ஒருக்கா புதுசு சேத்துக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் ஹேமலதாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டான். "பாப்பாவுக்கு டெங்கு வந்தப்ப, உங்க அத்தான் யாருகிட்டயாச்சும் போட்டோ கேட்டாரா?"

"ஆமா, எல்லாருக்கும் போன் போட்டாரே! ஆல்பம் போடப் போறேன், உங்ககிட்ட இருக்கிற போட்டோவ எல்லாம் அனுப்புங்கன்னு. சித்தப்பா வூட்டுக் கேசட்ட வாங்கிக்கிட்டு ஜெயங்கொண்டம் ஸ்டுடியோவுக்குக்கூட அலைஞ்சாரு. கடைசி வரைக்கும் ஆல்பம் வரவே இல்ல. அக்காகூட கிண்டல் பண்ணுவா." அவள் புளியைக் கரைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

ஆக, அந்த இடியில் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் போய்விட்டிருந்தது. வேணியம்மாவும் போய்விட்டிருந்தாள். சகலை புது டிஸ்க் போட்டு, வீடு வீடாக அலைந்து இருபது வருஷத்தைத் திரும்பச் சேர்த்து, அதே பெயர்களில் அதே வரிசையில் அடுக்கி, ஒயர் லூசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "உங்களாலதான் இவ இந்த வூட்டுல இருக்கா" என்று மாமனார் சொன்னபோதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தானே, ஒரு தரமாவது வாயைத் திறந்தானா?

இதைத் தெரிந்துகொண்டால் பொறாமை கரைந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். மனுஷ மனம் அவ்வளவு லேசில் கரைவதில்லை. அறிவுச்செல்வனுக்குப் பொறாமை இன்னும் ஏறியது. பெட்டியில்தான் தோற்றோம் என்றிருந்தது, இப்போது குணத்திலும் தோற்றோமே என்று ஆனது. கேபிள் இழுத்த அன்றே தேர் நிற்காமல் ஓடியது. சிவரஞ்சனி கைதட்டினாள். அவனுக்கு அது இனிக்கவில்லை. நன்றி சொல்லலாம் என்று இரண்டு தரம் போனைக் கையில் எடுத்தான். சொன்னால், அந்தப் பன்னிரண்டு நாளையும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு தரமும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஆயுத பூஜை வந்தது. அவன் தன் பெட்டியை அணைத்து, சந்தனம் தொட்டு வைத்துக் கும்பிட்டான். அதற்கு முன்பே அந்த வாரத்துக் காப்பியை எடுத்து டிஸ்க்கைப் பீரோவில் வைத்திருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்மதா போன் செய்தாள்.

"தம்பி, டிவியில ஒண்ணுமே வரமாட்டேங்குது. அப்பா இங்கதான் இருக்காரு. சாயங்காலம் செந்துறைக்குக் கெளம்புறாரு, அதுக்குள்ள அம்மாவ ஒருக்கா பாத்துட்டுப் போயிடுறேங்குறாரு. உங்க சகல ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு, ரெண்டு மணிக்குத்தான் வருவாரு. போனும் எடுக்க முடியாது."

"நேத்து வரைக்கும் ஓடுச்சா அண்ணி?"

"நல்லா ஓடுச்சு. பூசைக்குத்தான் நாலு டப்பாவையும் வெளிய உருவி, எலையில வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வச்சாரு. நாலும் நாலு ஆயுதம்னாரு. காலையில இருட்டோட திரும்பச் சொருவிட்டு ஓடுனாரு. அந்தப் பொட்டி போன்ல என்னமோ கேட்டுச்சாம். கம்பெனி வண்டி ஆரன் அடிச்சுட்டான். ஓகே ஓகேன்னு அமுத்திட்டுப் போயிட்டாரு."

அறிவுச்செல்வனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து நாலு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் உருவினால், திரும்பச் செருகும்போது அது, "புது டிஸ்க் வந்திருக்கிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?" என்றுதான் கேட்கும். அதற்குத்தான் சகலை ஓகே கொடுத்திருக்கிறான்.

பீரோவைத் திறந்து வெளி டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றினான். துண்டை மடக்கும்போது கை நின்றது.

இதை எடுத்துப் போகாவிட்டால் என்ன? சாயங்காலம் மாமனார் வெற்றுத் திரையைப் பார்ப்பார். மூத்த மாப்பிள்ளை தலைகுனிந்து நிற்பான். இரண்டு நாள் கழித்து, "என் பொட்டியில எல்லாம் பத்திரமா இருக்கு மாமா" என்று போய் நின்றால்? தை மாத மண்டபம், திரை, அந்த ஒரு வார்த்தை, எல்லாம் திரும்பிவிடும். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. இரண்டு நாள் சும்மா இருந்தால் போதும். அந்த நினைப்பு வெல்லம்போல் இனித்தது. இனித்ததைப் பார்த்து அவனுக்கே பயமாக இருந்தது.

"அப்பா, டிஸ்க்குக்கு ஏன் துண்டு?" என்றாள் சிவரஞ்சனி.

"பைக்குல போறப்ப குலுங்கக் கூடாதும்மா" என்றான். சொல்லிவிட்டதால் பைக்குச் சாவியையும் எடுத்தான்.

அரியலூரில் நர்மதா புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். பாலசுந்தரம் நெற்றி நிறையத் திருநீறோடு நாற்காலியில் இருந்தார்.

"வாங்க மாப்ள. பொட்டி ஏதோ மொரண்டு பண்ணுதாம்."

"பாத்துடலாம் மாமா."

"விசயதசமி தம்பி, கோயிலுக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடுறோம். பாஸ்வேர்டு எல்லாம் காலண்டருக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்காரு. டிகிரி காப்பி பிளாஸ்க்குல இருக்கு" என்று சொல்லி, நர்மதா அப்பாவைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

உள்ளறையில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. நாலு டிஸ்க்கின் முகத்திலும் நாலு குங்குமப் பொட்டு. நாலு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. லேப்டாப்பில் திறந்து பார்த்தான். நினைத்தது சரிதான். வெறுமை. ஒரு படம்கூட இல்லை. அத்தனை சொகுசான பெட்டி, துடைத்து வைத்த தட்டுபோல் இருந்தது. எத்தனை நாளாக இது தோற்க வேண்டும் என்று ஏங்கினான்! தோற்றுக் கிடப்பதைப் பார்த்தபோது அந்தக் குங்குமப் பொட்டுகள்தான் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றையும் எவ்வளவு பொறுமையாக, நடுவில் பார்த்து, விரல் நடுங்காமல் வைத்திருக்கிறான். அவனும் இந்தப் படங்களைச் சாமியாக நினைத்துத்தானே வெளியே எடுத்தான்?

துண்டைப் பிரித்து டிஸ்க்கைச் செருகினான். முதலில் வேணியம்மாவை அனுப்பினான். அது ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. பிறகு பழைய பெயர்களிலேயே ஒவ்வொரு ஃபோல்டராக உண்டாக்கினான். "செந்துறை தேர்." "நர்மதா கல்யாணம்." "பாப்பா காதுகுத்து." இளவரசன் ஒன்றுக்கு "சகல வூட்டு கிரகப்பிரவேசம்" என்று பெயர் வைத்திருந்தான். தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைத் தானே இவ்வளவு ஒழுங்காக அடுக்கியதில்லை என்று அறிவுச்செல்வன் நினைத்துக்கொண்டான். மீதி முழுவதும் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றது லேப்டாப்.

கோயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஹாலில் டிவி ஓடியது. "பொங்குது பாருங்கடி" என்ற குரல் உள்ளறை வரை கேட்டது. பின்னாலேயே மாமனாரின் குரல்: "மூத்த மாப்ள பொட்டின்னா பொட்டிதான். என்ன தெளிவு!"

அந்த வார்த்தை அறிவுச்செல்வனுக்கு முள்ளாகக் குத்தியது. எழுந்து போய்ச் சொல்லலாம். ஒரே ஒரு வாக்கியம். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே முள் இளவரசனுக்கும் குத்தியிருக்கும். அவன் அப்போது பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அறிவுச்செல்வன் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு தம்ளர் காப்பி ஊற்றிக்கொண்டான்.

ஒன்றேமுக்காலுக்குக் கடைசி ஃபோல்டரும் போய்ச் சேர்ந்தது. தன் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தபோது போன் அடித்தது. இளவரசன்.

"சகல, இப்பதான் நர்மதா மெசேஜ பாத்தேன். நான் என்னத்தையாவது அமுத்திக் கெடுத்துட்டேனா? கைகாலே ஓடல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சகல. எல்லாம் இருக்கு. ஒயர்தான் லூசா இருந்துச்சு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அப்பாடி. இருங்க, வந்துடுறேன். சாப்பிட்டுத்தான் போவணும்."

போனைப் பையில் போட்டுவிட்டு அறிவுச்செல்வன் கதவுப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. ஹாலில் மாமியார் மறுபடி பொங்கல் பானையிடம் கூவிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, பெட்டிக்குப் பின்னால் கெட்டியாகவே இருந்த ஒயரைப் பாதி இழுத்து லூசாக்கினான். விஜயதசமி அன்றைக்கு முழுப்பொய் வேண்டாம் என்று பட்டது. பிறகு கட்டைவிரலால் அழுத்தி, "டக்" என்று உள்ளே தள்ளினான்.